சொந்த முட்டி

பெரிய படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, இழுத்து உதறி, பாதியாக்கி, எதிரெதிரே நடந்து வந்து கையோடு கை சேர்த்து, திரும்ப விலகி, திரும்பச் சேர வேண்டும். ஓட்டல்களுக்கும் விடுதிகளுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கிற அந்தச் சலவைக்கூடத்தில் காலையிலிருந்து இப்படிச் சேர்வதும் பிரிவதும்தான் வேலை. பின்னால் இயந்திரங்கள் தடதடக்கும். தகரக் கூரையில் ஆவி படிந்து, நினைத்துக்கொண்டாற்போல ஒரு சொட்டு யார் கழுத்திலாவது விழும்.

அங்கே மடிக்கிறவர்களில் ஒருத்தி கை பட்ட விரிப்பு விளிம்போடு விளிம்பு ஒட்டி, அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்திருக்கும். அதனால் ‘மடிப்பு’ என்றே பெயர் ஒட்டிக்கொண்டது. கூடத்துக்காரர்கூட, “மடிப்பு வந்தாச்சா?” என்றுதான் கேட்பார். எதிர்முனை பிடிக்கிறவளுக்கு ‘ரேடியோ’ என்று பெயர். ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. அவள் வாய் திறந்தால் ஓயாது.

மடிப்புக்குக் கால் உடைந்ததும் அந்தக் கூடத்தில்தான். சோப்புத் தண்ணீர் ஓடிய தரையில் ஈரத்துணிக் கூடையோடு வழுக்கி விழுந்தாள். முட்டிக்குச் சற்றுக் கீழே எலும்பு உடைந்திருந்தது. மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டைப் பிரித்த அன்று, “இன்னும் கொஞ்ச காலம் இந்தக் காலை ஊன்றக் கூடாது” என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அவள் கேட்கவில்லை. புருஷன் கடலில் இருந்தான். சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் எண்ணெய் போடுகிற வேலை. பிள்ளைகள் இல்லை. வீட்டில் சுவரையும் கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டு எத்தனை நேரம்தான் கிடப்பது? ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு வேலைக்குப் போய் நின்றுவிட்டாள். சேர்ந்தும் சேராமலும் இருந்த பச்சை எலும்பு, உடம்பின் பாரத்தில் உள்பக்கமாக அமுங்கி, அமுங்கின வாக்கிலேயே கெட்டிப்பட்டுவிட்டது.

அதற்குப் பிறகு அந்தக் கால் வில்லாக வளைந்துவிட்டது. முட்டி வெளியே துருத்தும், பாதம் உள்ளே ஒதுங்கும். அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் உடம்பு அந்தப் பக்கம் சாய்ந்து எழும். முதலில் பார்க்கத்தான் கோணல், வலி இல்லை. பிறகு முட்டியின் உள்பக்கம் கடுக்க ஆரம்பித்தது. மாடிப்படி இறங்கும்போது கடுத்தது. சாயங்காலத்தில் கடுத்தது. கடைசியில் சும்மா படுத்திருக்கும்போதும், யாரோ உள்ளே உப்புத்தாளை வைத்துத் தேய்ப்பது போல இருந்தது.

போன தடவை விடுமுறைக்கு வந்தபோது புருஷன் அதைப் பார்த்தான். கடைக்குப் போகையில் தன் நடையைக் குறைத்துக்கொண்டான், அவ்வளவுதான். கல்யாணம் ஆன புதிதில் அவள் வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியாமல் பின்னாலேயே ஓடி வந்தவன். இப்போது அவளுக்காக ஒவ்வொரு அடியையும் அளந்து வைத்ததைப் பார்த்தபோது, முட்டியில் வலித்ததைவிட வேறெங்கேயோ அதிகம் வலித்தது அவளுக்கு. அவன் கப்பலுக்குத் திரும்பிய பிறகு தெருவில் யாருடைய முகத்தையும் அவள் பார்ப்பதில்லை. கால்களைத்தான் பார்ப்பாள். காய்க்கூடையைச் சுமந்துகொண்டு விறுவிறுவென்று போகிறவளின் கால்கள். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற பள்ளிக்கூடத்துப் பெண்ணின் கால்கள். அலமாரியில் தொங்கும் அவனுடைய சட்டைகளை, அழுக்கே ஆகாதவற்றை, எடுத்துத் துவைத்து, காயப்போட்டு, இஸ்திரி போட்டு, திரும்பத் தொங்கவிடுவாள். நாள் பூரா துணியோடு மாரடித்துவிட்டு வந்தவளுக்கு வீட்டிலும் துணிதான் துணை.

ஒரு ஆஸ்பத்திரியில், “முட்டியையே மாத்திடலாம்” என்றார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பப் போகவில்லை. ரேடியோ யாரிடமோ விசாரித்து இன்னொரு டாக்டரைச் சொன்னாள். அதோடு நிற்காமல், மடிப்பின் நாத்தனார் காதிலும் போட்டுவிட்டாள்.

நாத்தனார் புருஷனுக்கு அக்கா. டவுன் பஸ்ஸில் கண்டக்டர். தம்பியை வளர்த்து ஆளாக்கியவள், கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவள். கல்யாணமான தம்பியும் மடிப்பும் தனிக்குடித்தனம் போனதிலிருந்து இந்த வீட்டு வாசற்படியோடு சரி. ஏதாவது கொடுக்க வந்தாலும் வாசலிலேயே நின்று கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். அப்படிப்பட்டவள் டாக்டரைப் பார்க்கப் போன அன்று, காக்கிச் சட்டையோடு, தோளில் தோல் பையோடு, ஆஸ்பத்திரி பெஞ்சில் இவளுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள்.

“நீங்க எதுக்கு அண்ணி…”

“எதுக்கா? கால் ஒடிஞ்சப்பவும் சொல்லல. கோணிக்கிட்டப்பவும் சொல்லல. இப்பவும் ஊர் சொல்லித்தான் எனக்குத் தெரியணும். உட்காரு.”

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். நெடுநெடுவென்று உயரமான மனுஷன், பேசும்போது மட்டும் குனிந்து நோயாளியின் கண் மட்டத்துக்கு வந்துவிடுவார்.

“அம்மா, இங்க பாருங்க. முட்டியோட இந்த வெளிப்பக்கம் குருத்தெலும்பு புதுசு மாதிரி இருக்கு. உள்பக்கம் மட்டும்தான் தேஞ்சுக்கிட்டு வருது. ஏன்னா உங்க பாரம் மொத்தமும் அந்த ஒரு பக்கத்துலயே இறங்குது. தப்பு முட்டியில இல்ல. அதுக்குக் கீழ எலும்பு கோணலா கூடியிருக்கு.”

“அப்ப முட்டியை மாத்த வேண்டாமா?”

“கதவு நல்லாத்தான் இருக்கு, நிலைதான் சாஞ்சிருக்கு. கதவையா மாத்துவீங்க?”

“நிலையைத்தான் நிமித்தணும்” என்றாள் கண்டக்டர், பரீட்சையில் பதில் சொல்வது போல.

“அதேதான். கோணிக் கூடின இடத்துல எலும்பை ஒரு பக்கமா அறுத்து, மெல்ல விரிச்சு, காலை நேராக்கி, பிளேட்டு வச்சு முடுக்கிடுவோம். அந்த இடைவெளியில புது எலும்பு வளந்து ரொம்பிக்கும். பாரம் தேயாத பக்கத்துக்கு மாறிடும். முட்டி உங்க சொந்த முட்டியாவே இருக்கும்.”

“அறுக்கணுமா?” மடிப்பின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

“ஆமா. வலிக்கும். ரொம்ப நாள் காலை ஊனாம பொறுமையா இருக்கணும். அதுதான் கஷ்டம்.”

“தள்ளிப் போட்டா?”

டாக்டர் படத்தில் தேய்ந்த பக்கத்தை விரலால் தொட்டுக் காட்டினார். “தேய்மானம் நிக்காது. வெளிப்பக்கமும் போயிடுச்சுன்னா நான் காப்பாத்தறதுக்கு ஒண்ணும் மிச்சம் இருக்காது. அப்ப மாத்தத்தான் வேணும். உங்க வயசுக்கு அதை இவ்வளவு சீக்கிரம் செய்ய எனக்கு மனசில்ல.”

புருஷனுக்குச் சொன்னாள். கப்பல் எங்கோ ஒரு துறைமுகத்துக்கு வெளியே, இடம் கிடைக்காமல் நங்கூரம் போட்டுக் கிடந்தது. மாற்று ஆள் வந்தால்தான் இவன் இறங்க முடியும். நினைத்த நேரத்துக்குப் பேச முடியாது; சிக்னல் வரும்போது பேசிப் பதிந்து அனுப்புவான். அந்தத் தடவை வந்த குரலில் பாதிக்குக் காற்றுதான் இரைந்தது.

“நான் வந்துடறேன்… அதுவரைக்கும் யாரையும் கை வைக்க விடாத. நான் பக்கத்துல இருக்கணும். கேக்குதா? நான் இல்லாம வேணாம்.”

அதை அவள் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். சமைக்கும்போது, துணி மடிக்கும்போது. ‘நான் பக்கத்துல இருக்கணும்’ என்கிற இடம் வந்ததும் நிறுத்துவாள். அவளுக்கும் அதுதானே வேண்டும். கண் விழிக்கும்போது அந்தக் கை தன் நெற்றியில் இருக்க வேண்டும். எவ்வளவு தேய்த்தாலும் எண்ணெய் வாசனை போகாத கை.

கண்டக்டர் மறுபடி வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

“என்ன முடிவு பண்ண?”

“அவர் வரட்டும்னு சொல்லியிருக்கார் அண்ணி.”

“எப்ப வர்றானாம்?”

“தெரியல.”

“அவனுக்குத் தெரியுமா?”

“அவருக்கும் தெரியாது.”

“கப்பலை அவனா ஓட்டறான்? வர்றதும் வராததும் அவன் கையில இல்ல. கால் உன்னுது.”

“தனியா எப்படி அண்ணி…”

“தனியான்னு யார் சொன்னது?” என்று சுள்ளென்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் படியிறங்கிப் போய்விட்டாள்.

அந்த வாரத்தில்தான் சலவைக்கூடத்தில் அது நடந்தது. நடந்தது என்று சொல்லும்படி பெரிதாக ஒன்றும் இல்லை. வழக்கம் போல விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார்கள். ரேடியோ யார் வீட்டுக் கல்யாணத்தில் யார் கோபித்துக்கொண்டு போனார் என்பதை விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மடிப்பு தற்செயலாகத் தரையைப் பார்த்தாள். ரேடியோவின் செருப்புத் தடம் ஈரத்தில் இந்தக் கோடி வரை வந்து, அந்தக் கோடி வரை போயிருந்தது. தன்னுடைய தடம் நின்ற இடத்தை விட்டு நகரவே இல்லை.

“ஏய், நீயே முழு தூரமும் நடக்கிறியா?”

ரேடியோ பேச்சை நிறுத்தினாள். அவள் பேச்சை நிறுத்தி யாரும் பார்த்ததில்லை.

“எத்தனை நாளா இப்படி?”

“விடுக்கா. எனக்குக் காலு சும்மாத்தான இருக்கு.”

மடிப்பு விரிப்பைக் கீழே போடவில்லை. முழுதாக மடித்து அடுக்கில் வைத்தாள். பிறகு பின்கட்டுக்குப் போய், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள். அன்றைக்கே அவனுக்குப் பேசி அனுப்பினாள். “நீங்க வர்ற வரைக்கும் என்னால காத்திருக்க முடியும். முட்டியால முடியாது. பண்ணிக்கறேன். கோவிச்சுக்காதீங்க.”

பதில் வருவதற்குள் ஆபரேஷன் நாள் வந்துவிட்டது.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள். நடுவில் ஒரு பச்சைத் துணியைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். அந்தத் துணியின் ஓரம் கோணலாகத் தைத்திருந்தது அவள் கண்ணை உறுத்தியது. அந்தப் பக்கம் தச்சுப்பட்டறை மாதிரி சத்தம். ரம்பம் ரீங்கரித்தது. சுத்தியல் தட்டியது. வலி இல்லை, ஆனால் ஒவ்வொரு தட்டுக்கும் உடம்பு மொத்தமும் அசைந்தது. “மெல்ல… இன்னும் கொஞ்சம்… அவசரம் வேண்டாம், எலும்பு தானா இடம் கொடுக்கும்” என்று டாக்டர் யாருக்கோ சொன்னார்.

தலைமாட்டில் இருந்த நர்ஸ் குனிந்து, “என்னம்மா நினைச்சுக்கிட்டிருக்கீங்க?” என்றாள்.

“எங்க வீட்டுக்காரர் கப்பல்ல இருக்கார். படுத்தா இப்படித்தான் ஆடுமாம்.”

நர்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில், “நேரா வந்துடுச்சு” என்று திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. மடிப்பு கண்ணை மூடிக்கொண்டாள்.

மரப்பு இறங்கினதும் வலி வந்தது பாருங்கள், அதைச் சொல்லி மாளாது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். கண் திறக்கும்போதெல்லாம் பக்கத்தில் காக்கிச் சட்டைதான் தெரிந்தது. கண்டக்டர் லீவு போட்டிருந்தாள். ஆனால் உடம்போடு ஒட்டிப்போன சட்டையைக் கழற்ற மனம் வரவில்லை போலும்.

வீட்டுக்கு வந்தார்கள். கண்டக்டர் ஒரு பையோடு வந்து கூடத்து மூலையில் பாயை விரித்தாள். தம்பி வீட்டுக்குள் அவள் காலெடுத்து வைத்தது அன்றுதான். வந்த உடனே அடுப்பங்கரையில் டப்பாக்களை எல்லாம் இடம் மாற்றினாள். டீத்தூள் எங்கே என்று மடிப்புக்கே தெரியாமல் போனது. சூப்பில் மிளகைக் கொட்டினாள். “காரமா இருக்கு அண்ணி” என்றால், “எலும்பு கூடட்டும்” என்பாள். மிளகுக்கும் எலும்புக்கும் என்ன சம்பந்தம் என்று யார் கேட்பது?

வாக்கரைப் பிடித்து நடக்கப் பழக வேண்டும். ஆபரேஷன் செய்த கால் தரையில் பட்டும் படாமலும் இருக்க வேண்டும், பாரம் இறங்கக் கூடாது. கட்டிலிலிருந்து ஜன்னல் வரை போவதற்குள் வியர்த்துக் கொட்டும். கண்டக்டர் பின்னாலேயே வருவாள்.

“முன்னாடி போ, முன்னாடி போ… நடுவுல நிக்காத. ஜன்னல் ஸ்டாப்பிங் வந்தாச்சு. ம், வண்டி திரும்பட்டும். மெதுவா. கம்பியப் பிடி, கம்பியப் பிடி!”

“அண்ணி, சிரிக்க வைக்காதீங்க, விழுந்துடுவேன்.”

“என் வண்டியில இதுவரைக்கும் யாரும் விழுந்ததில்ல.”

ஒரு நாள் கண்டக்டர் அவளுக்குத் தலைக்கு ஊற்றிவிட்டு, முடியைத் துவட்டிச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. மடிப்பு கேட்டே விட்டாள்.

“இத்தனை வருஷம் ஏன் அண்ணி உள்ள வரல?”

சீப்பு நின்றது. பிறகு மறுபடி ஓடியது.

“நீங்க தனியாப் போனது எனக்குக் கோவம்தான். இல்லேங்கல. ஆனா அது எப்பவோ போயிடுச்சு. அப்புறம் எப்படி வர்றதுன்னு தெரியல. நாள் முழுக்க வர்றவங்களை உள்ள போ, உள்ள போன்னு விரட்டற வாய்டி இது. நான் ஒரு வாசல்ல வந்து நின்னு, உள்ள வரட்டுமான்னு கேக்க வரல.”

“நானும் வாங்கன்னு கூப்பிடலையே அண்ணி.”

“ஆமா, கூப்பிடல” என்றாள் கண்டக்டர். சிக்கு விழுந்த இடத்தை மட்டும் கையால் மெல்லப் பிரித்தாள்.

அவனிடமிருந்து ஒருவழியாகக் குரல் வந்தது. கோபம் இல்லை. “நல்லா இருக்கியா? வலிக்குதா? மாத்தாள் ஏறியாச்சு. இறங்கிட்டேன். வந்துக்கிட்டே இருக்கேன்.”

மடிப்புக்குக் கை கால் ஓடவில்லை. அவன் வாசலில் வந்து நிற்கும்போது தானே எழுந்து போய்க் கதவைத் திறக்க வேண்டும், இரண்டு காலில், ஒன்றையும் பிடிக்காமல். அந்த ஒரு காட்சிக்காகத்தானே இவ்வளவும். கண்டக்டர் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து வாக்கரை ஒதுக்கி வைத்தாள். கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்து நின்றாள். புதுக் காலைக் கீழே வைத்தாள். நேராக இருந்தது. எத்தனையோ காலத்துக்குப் பிறகு இரண்டு முட்டியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. ஒரே ஒரு அடி. கையை எடுத்தால் போதும்.

அப்போதுதான் அந்தப் பழைய கம்பும், சோப்புத் தண்ணீர்த் தரையும், ‘ஊன்றக் கூடாது’ என்று சொன்ன குரலும் ஞாபகத்துக்கு வந்தன. உள்ளே அந்த இடைவெளியில் எலும்பு இன்னும் நூல் நூலாக ஓடிக்கொண்டிருக்கும். இத்தனை வருஷம் அவனுக்காகக் காத்திருந்தவளுக்குத் தன் எலும்புக்காகக் காத்திருக்கத் தெரியாமல் போயிருந்தது. கையை எடுக்காமல், மெல்ல, பின்பக்கமாக நகர்ந்து கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

கடையிலிருந்து வந்த கண்டக்டர் வாக்கர் தள்ளி நிற்பதைப் பார்த்தாள். முகம் மாறியது. “ஊனினியா?”

“இல்ல அண்ணி. நினைச்சேன். ஊனல.”

கண்டக்டர் வாக்கரை இழுத்து வந்து அவள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தாள்.

அவன் வந்தபோது அவள் உட்கார்ந்துதான் இருந்தாள். கதவைத் திறந்தது அக்கா. இளைத்துக் கறுத்துப் போயிருந்தான். பெட்டியைக்கூடச் சரியாக வைக்காமல் தரையில் மண்டியிட்டு, தழும்பு ஓடின இடத்தைத் தொடாமல் சுற்றிலும் விரலால் தடவிப் பார்த்தான்.

“நான் இருந்திருக்கணும்” என்றான்.

“இருந்திருக்கணும்” என்றாள் அவளும். “ஆனா நடந்துடுச்சு.”

அவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். எண்ணெய் வாசனை வந்தது. அவள் கையை அவன் முடிக்குள் விட்டு வைத்துக்கொண்டாள்.

கண்டக்டர் மூலையில் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, எங்க கிளம்பற? இரு.”

“லீவு முடிஞ்சுது. நீதான் வந்துட்டியே.” பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மடிப்பு வாயைத் திறப்பதற்குள் தெரு முனையைத் தாண்டிப் போய்விட்டாள். டீத்தூள் டப்பா அவள் மாற்றி வைத்த இடத்திலேயே இருந்தது. மடிப்பு அதைப் பழைய இடத்துக்கு மாற்றவில்லை.

அந்த விடுமுறையில் எலும்பு நிரம்பியது. டாக்டர் படத்தை மாட்டிவிட்டுக் குனிந்து சிரித்தார். வாக்கர் போய்க் கைத்தடி வந்தது. கைத்தடியும் போனது. காற்று ஈரமானால் பிளேட்டு வைத்த இடம் விண்ணென்று தெறிக்கும். குத்துக்காலிட்டு உட்கார முடியாது. மற்றபடி சாயாத நடை. கடைவீதிக்குப் போனார்கள். அவன் பழக்கத்தில் அடியை அளந்தே வைத்துக்கொண்டிருந்தான். அவள் முன்னால் போய் நின்று, திரும்பிப் பார்த்துக் காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டாவது தடவை அப்படி நின்றபோதுதான் அவனுக்கு உறைத்தது. நடுத்தெருவில் நின்று வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டாள். அடுத்த கப்பலுக்கு ஆள் கேட்டு அழைப்பு வந்துவிட்டிருந்தது.

இந்தத் தடவை வழியனுப்பத் துறைமுக வாசல் வரைக்கும் நடந்தே போனாள். காவலுக்கு நிற்பவர்கள் அதற்கு மேல் விடமாட்டார்கள். “போயிட்டு வர்றேன்” என்றான். “ம்” என்றாள். அவன் பெட்டியோடு உள்ளே போய், கிரேன்களுக்கு நடுவில் ஒரு சட்டையின் நிறமாகி, பிறகு அதுவும் இல்லாமல் போகும் வரை நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாலும் கால் வலிக்கவில்லை. அதுவே அன்றைக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. வலித்திருந்தால் அந்தச் சாக்கில் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

வீட்டுப் பக்கம் போகிற பஸ் வந்தது. ஏறவில்லை. எதிர்ப்பக்கம் போய் நின்றாள். இரண்டு மூன்று வண்டிகளை விட்டாள். பிறகு தூரத்திலேயே அந்தக் குரல் கேட்டது. ஜன்னல் வழியாக யாரையோ திட்டிக்கொண்டு வந்தது. மடிப்பு கம்பியைப் பிடித்து, ஆபரேஷன் செய்த காலையே முதலில் படியில் வைத்து ஏறினாள்.

கண்டக்டர் குனிந்தபடி சில்லறை எடுத்துக்கொண்டிருந்தாள். “எங்க?”

“கடைசி வரைக்கும்.”

நிமிர்ந்தாள். மடிப்பின் முகத்தை ஒரு நொடி பார்த்தாள்.

“போயிட்டானா?”

“போயிட்டார் அண்ணி.”

கண்டக்டர் பக்கத்து சீட்டில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்த ஆளைத் தட்டினாள். “எழுந்திரிங்க சார், ஆபரேஷன் பண்ணின பொம்பளை நிக்குது, கண்ணு தெரியல?”

“வேணாம் அண்ணி. நீங்க உட்காருங்க சார்” என்றாள் மடிப்பு. “நான் நின்னுக்கறேன்.”

கண்டக்டர் விசிலை ஊதினாள். வண்டி நகர்ந்தது. கூட்டம் குலுங்கிச் சாய்ந்தது. மடிப்பு மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலிலும் பாரத்தைச் சமமாக இறக்கி, அண்ணியின் பக்கத்தில் நின்றாள். ஜன்னலுக்கு வெளியே கடல் கொஞ்ச தூரம் கூடவே வந்தது.